பறக்கும் படகின் வசீகரமும் காயலின் கணக்கும்

தம்பானூரில் நீர் தரைக்கு அடியில் ஓடுகிறது. ஒருபுறம் திருவனந்தபுரம் மத்திய ரயில் நிலையம், எதிரே கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்து நிலையம். இரண்டுக்கும் இடையே நாகர்கோவில் பேருந்தைப் பிடிக்க விரைவோரில் பெரும்பாலோர், ஆமயிழஞ்சான் தோடு என்னும் கால்வாய் தண்டவாளங்களுக்குக் கீழே சுரங்கமாகப் புகுந்து மறுபுறம் வெளிவருவதை அறியார். பெருமழை நாளில் சாலையில் நீர் தேங்கும்போது மட்டும் அந்தத் தோடு நகரத்தின் நினைவுக்கு வரும். 2024 ஜூலை 13 அன்று அந்தச் சுரங்கத்தில் குவிந்திருந்த குப்பையை அகற்ற இறங்கிய ஒப்பந்தத் துப்புரவுத் தொழிலாளி ஒருவர் நீரோடு அடித்துச் செல்லப்பட்டார். தீயணைப்புத் துறையினர், மூழ்குவோர், கடற்படையினர், எந்திரக் கருவிகள் எல்லாம் வரவழைக்கப்பட்டும், மூன்றாம் நாள்தான் அவருடைய உடல் தோட்டின் வேறோர் இடத்தில் மிதக்கக் கண்டெடுக்கப்பட்டது. சுரங்கத்தைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டியவர் ரயில்வேயா மாநகராட்சியா என்னும் வழக்கு உடனே மூண்டது.

அதே ஆண்டு நவம்பர் 11 அன்று, அதே மாநிலத்தில், கொச்சி போல்காட்டியின் நீர்ப்பரப்பிலிருந்து ட்வின் ஆட்டர் வகைக் கடல் விமானம் ஒன்று எழுந்து, மூணாற்றை அடுத்த மாட்டுப்பெட்டி அணைநீரில் இறங்கியது. சுற்றுலாத் துறை அமைச்சர் வழியனுப்பினார். செய்தி ஏடுகள் வண்ணப்படங்களோடு அதைக் கொண்டாடின. பல்கலைக்கழக வட்டாரங்களிலும் அந்தப் படங்கள் கைமாறின. கூடவே 1930களின் கறுப்புவெள்ளைப் பறக்கும் படகுகளின் படங்களும், காஸ்பியன் கடலில் சோவியத் ஒன்றியம் ஓட்டிய பேருருவ ஊர்தியின் படங்களும் உலவத் தொடங்கின. நீர்வளம் மிக்க நாட்டுக்கு நீரில் இறங்கும் விமானமே இயல்பானது என்பது அந்தப் பகிர்வுகளின் சாரம்.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அடுத்தடுத்து வைப்பது முறையன்று என்று ஒருவர் சொல்லக்கூடும்: ஒன்று சாக்கடை மேலாண்மை, மற்றொன்று வான்போக்குவரத்து, துறைகள் வேறு, நிதித் தலைப்புகள் வேறு. ஆனால் இரண்டுக்கும் அடியில் இருக்கும் பார்வை ஒன்றுதான். நீர் என்பது காலியிடம். அதன்மேல் குப்பை கொட்டலாம், தண்டவாளம் இடலாம், விமானத்தையும் இறக்கலாம். அங்கே ஏற்கெனவே யாரும் இல்லை. பறக்கும் படகின் வசீகரம் முழுவதும் இந்த ஒற்றை நம்பிக்கையின்மேல் நிற்கிறது. அதைச் சோதிக்காமல் அழகை மட்டும் முன்வைப்பவர்கள் ஆய்வாளர்களாக இருக்கும்போது பிழை இரட்டிப்பாகிறது.

அழகை மறுப்பதற்கில்லை. 1910 மார்ச் 28 அன்று பிரான்சின் மார்செய் நகரை அடுத்த நீர்ப்பரப்பில் ஆன்றி ஃபாப்ர் முதன்முதலாக நீரிலிருந்து விமானத்தை எழுப்பினார். பத்தொன்பதே ஆண்டுகளில், 1929 அக்டோபரில், 12 எஞ்சின்கள் பூட்டிய டோர்னியர் டோ எக்ஸ் ஒரே பறத்தலில் 169 பேரைச் சுமந்தது. 1936இல் வந்த ஷார்ட் நிறுவனத்தின் எம்பயர் வகைப் படகுகளில் 24 பயணியருக்கு இடமுண்டு. அவர்கள் எழுந்து நின்று சன்னல் வழியே கீழே பார்க்க உலாவும் அறையும், புகைபிடிக்கத் தனியறையும் இருந்தன. ஒரு படகின் அடிவயிற்றுக்கு இரண்டு சிறகுகள் முளைத்தாற்போன்ற அந்த உருவத்தில் கப்பலின் நிதானமும் பறவையின் விடுதலையும் ஒன்றாகத் தெரிகின்றன. கப்பல் என்பது நெடுங்காலப் பழக்கம், விமானம் புதுமை. இரண்டையும் ஒரே உடலில் காண்பவனுக்கு மனம் இளகுவது இயற்கையே.

ஆனால் அந்த இயந்திரங்கள் அழகுக்காகத் தோன்றவில்லை. ஓடுபாதைகள் இல்லாத காலத்தில் தோன்றின. நீண்ட கான்கிரீட் பாதை எங்கும் இல்லாதபோது, கனத்த விமானம் ஓடி வேகம் பிடிக்க ஆறும் ஏரியும் கழிமுகமுமே கிடைத்தன. இம்பீரியல் ஏர்வேஸ் 1930களின் இறுதியில் இந்தியாவின் குறுக்கே வகுத்த வழி இதைத் தெளிவாகக் காட்டும்: கராச்சி, உதயப்பூரை அடுத்த ராஜசமந்து ஏரி, குவாலியர், அலகாபாத், கல்கத்தா. பாலைவனத்தருகே ஓர் ஏரியைத் தேடி இறங்கினார்கள் என்றால் அது காதலால் நேர்ந்ததில்லை, வேறு வழியில்லாமையால். அந்த வழி தெற்கே வரவும் இல்லை. திருவிதாங்கூருக்கு வான்வழி அஞ்சல் 1935இல் வந்தபோது அதைக் கொண்டுவந்தது டாட்டா நிறுவனத்தின் சாதாரணத் தரைவிமானம். பம்பாயிலிருந்து வந்து திருவனந்தபுரத்தின் கடற்கரையோர நிலத்தில் இறங்கியது. காயல்கள் நிறைந்த நாட்டுக்கு முதலில் வந்தது சக்கரம் பூட்டிய விமானம்தான் என்பதை, இன்று ‘மரபு’ என்ற சொல்லைக் கடல் விமானத்தோடு சேர்த்து எழுதுவோர் ஒருகணம் எண்ணிப் பார்க்கலாம்.

இரண்டாம் உலகப்போர் உலகெங்கும் ஓடுபாதைகளைக் கட்டிப்போட்டது. போர் முடிந்தபோது குண்டுவீச்சு விமானங்கள் இறங்கிய அதே பாதைகளில் பயணியர் விமானங்கள் இறங்கின. பறக்கும் படகுக்குக் காரணம் போயிற்று. நீரைக் கிழித்து எழுவதற்கென்றே வடிவமைத்த கனத்த அடிப்பகுதியை வானம் முழுக்கச் சுமக்க வேண்டியிருந்தது. உப்புநீர் உலோகத்தை அரித்தது. மிதக்கும் ஒரு மரத்துண்டு போதும் அடிப்பகுதியைக் கிழிக்க. விந்தை என்னவெனில், அலையே இல்லாத கண்ணாடி போன்ற நீரும் இடர்தான். மேற்பரப்பு எங்கே தொடங்குகிறது என்று விமானிக்குத் தெரியாது. பிரித்தானிய நிறுவனமான பிஓஏசி 1950 நவம்பரில் தன் பறக்கும் படகுச் சேவையை முடித்துக்கொண்டது. 1952இல் பறந்த சாண்டர்ஸ்-ரோ பிரின்சஸ் வகையில் கட்டப்பட்டவை மூன்று, பறந்தது ஒன்று. மூன்றும் பின்னர் உடைத்துப் பழைய உலோகமாயின. ஹோவர்டு ஹியூஸ் பெரும்பாலும் மரத்தால் கட்டிய, 97 மீட்டருக்கு மேல் சிறகு விரித்த பேருரு 1947 நவம்பர் 2 அன்று ஏறத்தாழ ஒரு மைல் தொலைவு பறந்தது, அதன்பின் பறக்கவேயில்லை. இந்த மரணங்களைச் சதியாலோ மறதியாலோ விளைந்தவையாகச் சித்திரிக்கும் ஏக்கக் கட்டுரைகள் பல. அவை பொறியியலை அவமதிக்கின்றன. ஒரு தீர்வு அதன் சிக்கல் மறைந்தபோது மறைந்தது, அவ்வளவே.

தென்னாட்டிலும் இலங்கையிலும் இவை இருந்த காலமும் உண்டு. சென்னைக்குக் குடிநீர் தரும் செங்குன்றம் ஏரியில் போரின்போது பிரித்தானிய விமானப்படையின் கேட்டலினா படகுகள் நின்றன. காலிக்கு அருகிலுள்ள கொக்கல ஏரியிலிருந்து 1942 ஏப்ரல் 4 அன்று புறப்பட்ட கேட்டலினா ஒன்றில்தான் கனடிய விமானப்படையின் லெனார்டு பெர்ச்சால் இலங்கையை நோக்கி வந்த ஜப்பானியக் கடற்படையைக் கண்டு செய்தி அனுப்பினார். உடனே சுட்டு வீழ்த்தப்பட்டார். ஒன்பது பேரில் அறுவர் சிறைப்பட்டு உயிர் பிழைத்தனர். மறுநாள் கொழும்பு குண்டுவீச்சுக்கு ஆளானபோது அது எதிர்பாராத தாக்குதலாக இருக்கவில்லை. 1943 ஜூலை முதல் 1945 ஜூலை வரை அதே கொக்கலவுக்கும் ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கும் இடையே குவான்டாஸ் கேட்டலினாக்கள் 271 முறை இந்தியப் பெருங்கடலைக் கடந்தன. ஒரு பயணத்துக்கு 27 முதல் 33 மணிநேரம், ஏறக்கூடியவர் மூவர், வழியில் கதிரவன் இருமுறை உதிப்பதைப் பயணியர் காண்பர். இதைப் படித்து வியக்காதவர் இலர்.

வியப்போடு சேர்த்துச் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. கொக்கலத் தளத்துக்காக அவ்வூர் மக்கள் வெளியேற்றப்பட்டனர், வீடுகள் இடிக்கப்பட்டன. எஞ்சி நின்ற ஒரு பழைய வீடு சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் பிறந்த வீடு. அது இன்று அருங்காட்சியகம். ஓடுபாதையே வேண்டாத இயந்திரம் என்று புகழப்படுவதற்கும் ஓர் ஊரின் நிலம் வேண்டியிருந்தது: எரிபொருள் கிடங்கு, பட்டறை, வீரர் குடியிருப்பு, காவல் எல்லை. அது போர்க்காலம், எதிரிக் கப்பல்கள் மெய்யாகவே வந்துகொண்டிருந்தன, விவாதத்துக்கு இடமிருந்திருக்காது. சுற்றுலாவுக்கு அந்த நியாயம் இல்லை.

கேரளத்தில் இந்தக் கதை 2024இல் தொடங்கியதில்லை. 2013 ஜூனில் கொல்லத்தின் அஷ்டமுடிக் காயலில் அன்றைய முதலமைச்சர் உம்மன் சாண்டி கடல் விமானத் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். ஆலப்புழையின் புன்னமடைக் காயலில் அது இறங்க வேண்டும். மீனவர்கள் எதிர்த்தார்கள், முதல் பயணம் நடைபெறாமலே போயிற்று, திட்டம் முடங்கியது. அப்போது எதிர்ப்பின் பக்கம் நின்ற இடதுசாரிகளே பதினோராண்டு கழித்து ஆட்சியிலிருந்து அதே திட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அப்போது தொடங்கியவர்களோ தங்கள் திட்டம் களவுபோயிற்று என்றார்கள். இரு முன்னணிகளும் இடம் மாறி நின்ற இந்த நாடகத்தில் இடம் மாறாமல் நின்றவர்கள் மீனவர் மட்டுமே. 2024இலும் மீனவர் சங்கங்கள் ஆலப்புழைக் காயலில் இறங்குவதை எதிர்ப்போம் என்றன. ஆளும் கூட்டணிக்குள்ளிருந்த தொழிற்சங்கமும் அதையே சொன்னது. மாட்டுப்பெட்டியில் யானைகள் அணைநீரைக் கடக்கும் வழி என்று வனத்துறை கவலை தெரிவித்தது. அரசின் ஒரு துறை கொடியசைக்க, மற்றொரு துறை கடிதம் எழுதியது.

இந்த எதிர்ப்பைக் கல்விப்புலம் எப்படி வாசிக்கிறது என்பதே இங்கு முதன்மையான வழக்கு. வளர்ச்சிக்கு எதிரான தயக்கம், அறியாமையால் வரும் அச்சம், வாக்குவங்கி அரசியல் ஆகிய மூன்று சொற்களில் அது முடித்துவைக்கப்படுகிறது. காயலில் என்ன இருக்கிறது என்று எண்ணிப்பார்த்தவர் மிகச் சிலர். காயல் என்னும் சொல் தமிழுக்கும் மலையாளத்துக்கும் பொது. காயல்பட்டினம் அதன் பெயரைத் தாங்கி நிற்கிறது. அந்தச் சொல் குறிக்கும் நீரில் சீனவலை இருக்கிறது. வரிசையாகக் கழிகளை நட்டு வேலியேற்ற இறக்கத்தைக் கணக்கிட்டு விரிக்கும் ஊன்றுவலை இருக்கிறது. சிறுதோணியில் இரவு கட்டிய வலையை விடியலில் எடுப்போர் இருக்கிறார்கள். வேம்பநாட்டுக் காயலில் கருமட்டி வாருவோரின் பிழைப்பு காயலின் அடித்தரையில் இருக்கிறது. அஷ்டமுடியின் மட்டி மீன்பிடிப்பு 2014இல் நீடித்த மேலாண்மைக்கான பன்னாட்டு எம்எஸ்சி சான்றிதழைப் பெற்றது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் மீன்பிடிப்பு அதுவே. எந்தக் காயலில் விமானத்துக்குத் தொடக்க விழா எடுத்தார்களோ அதே காயலின் உழைப்பாளர்கள், அடுத்த ஆண்டே உலகுக்கு முன்மாதிரியாகக் காட்டப்பட்டார்கள். அவர்களா அறியாதவர்கள்?

கடல் விமானத்துக்கு ஏறி இறங்க ஒரு கிலோமீட்டர் அளவுக்குத் தடையற்ற நேர்நீர் வேண்டும். நாளொன்றுக்குச் சில நிமிடங்கள்தானே என்பது வாதம். ஊன்றுவலையின் கழியைச் சில நிமிடங்களுக்குப் பிடுங்கி நட முடியாது. பாதுகாப்பு எல்லை என்று ஒன்றை மிதவைகளால் குறித்துவிட்டால், விமானம் வராத நேரத்திலும் அந்த எல்லை அங்கேயே இருக்கும். அதைத் தாண்டும் தோணி அத்துமீறியதாகும். நிலத்தில் வேலி போட்டால் அது கையகப்படுத்தல். இழப்பீட்டுச் சட்டம் உண்டு, விசாரணை உண்டு. நீரில் மிதவை போட்டால் அதற்குப் பெயரே இல்லை. பெயரில்லாததால் இழப்பீடும் இல்லை. ஓடுபாதைக்கு நிலம் எடுக்கும் செலவு மிச்சம் என்று கடல் விமான ஆதரவாளர்கள் காட்டும் இலாபம், உண்மையில் காயல் உழைப்பாளியின் கணக்கிலிருந்து எடுக்கப்படும் தொகை.

சட்டம் பேசுவோருக்கு ஒரு குறிப்பு. கடலில் மோதல் தவிர்ப்பதற்கான 1972ஆம் ஆண்டின் பன்னாட்டு விதிகளில் 18ஆம் விதி, நீரில் இருக்கும் கடல் விமானம் பொதுவாக எல்லாக் கலங்களையும் விட்டு விலகி நிற்க வேண்டும், அவற்றின் போக்குக்குத் தடையாகக் கூடாது என்கிறது. பின்னர் திருத்தத்தின்மூலம் தரைவிளைவு ஊர்திகளுக்கும் அதே கடமை சேர்க்கப்பட்டது: எழும்போதும் இறங்கும்போதும் நீரையொட்டிப் பறக்கும்போதும் மற்றக் கலங்களைவிட்டு விலகுவது அவற்றின் பொறுப்பு. அந்த விதிகளின் நெறிப்படி விமானம்தான் தோணிக்கு வழிவிட வேண்டும். புன்னமடையில் மீனவர் கேட்டதும் இதற்கு மேலானதன்று.

இவர்களை அறிவியலுக்குப் பகைவர் என்று சொல்வதற்குத் திருவனந்தபுரத்தில் இருந்துகொண்டு எவருக்கும் நா எழக்கூடாது. தம்பானூரிலிருந்து சில கிலோமீட்டர் வடமேற்கே தும்பாவில், 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் எழுந்தது. அந்த ஏவுதளத்துக்காகப் பள்ளித்துறை மீனவர் தம் குடியிருப்பையும் மாதா கோயிலையும் விட்டுக்கொடுத்தார்கள். கோயில் கட்டடமே முதல் அலுவலகமாயிற்று. நாட்டின் விண்வெளி ஆய்வு மீனவரின் மணலில் தொடங்கியது. 2018 வெள்ளத்தில் இதே கரையின் படகுகள் லாரிகளில் ஏற்றப்பட்டு உள்நாட்டுக்குச் சென்று பல்லாயிரம் பேரைக் கரைசேர்த்தன. காரணம் புரிந்தால் கொடுப்பவர்கள், காரணம் கேட்கும்போது மட்டும் எப்படிப் பழமைவாதிகள் ஆகிறார்கள்?

தரைவிளைவு ஊர்திகளின்மேல் அண்மையில் எழுந்துள்ள ஆர்வம் தனியே நோக்கத்தக்கது. ஏனெனில் அங்கே வசீகரம் இயற்பியலின் ஆடையை உடுத்தி வருகிறது. சிறகின் முனைகளில் கீழிருக்கும் உயரழுத்தக் காற்று மேலே சுருண்டு சுழலாகிறது. அந்தச் சுழலே தூண்டு இழுவைக்குக் காரணம். சிறகு நீருக்கு மிக அருகே செல்லும்போது சுழல் விரிய இடமின்றித் தடைப்படுகிறது. உயரம் சிறகு விரிவில் பத்தில் ஒரு பங்காகும்போது தூண்டு இழுவை ஏறத்தாழப் பாதியாகக் குறையும். நீரைத் தொடுவதுபோல் தாழப் பறக்கும் பெலிக்கன்களும் இதையே பயன்கொள்கின்றன. ரொஸ்டிஸ்லாவ் அலெக்சேயெவ் வடிவமைத்து 1966இல் பறந்த, 92 மீட்டர் நீளமும் 500 டன்னுக்கு மேல் எடையும் கொண்ட ‘காஸ்பியன் பேருரு’ இந்த விளைவின்மேல்தான் நின்றது. அதற்குப் பத்து எஞ்சின்கள். அவற்றில் எட்டு பெரும்பாலும் நீரைவிட்டு எழுவதற்கே தேவைப்பட்டன. 1980இல் விபத்தில் அழிந்தது. பின்வந்த லூன் ஊர்தியை 2020இல் தாகெஸ்தானின் தெர்பெந்த் கரைக்கு இழுத்து வந்தார்கள், காட்சிப்பொருளாக.

இனி கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சென்னை ஐஐடியில் வளர்க்கப்படும் வாட்டர்ஃபிளை டெக்னாலஜீஸ் என்னும் இளநிறுவனம், நீரிலிருந்து சில மீட்டர் உயரத்தில் பறந்து சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் இடையிலான ஏறத்தாழ 1,600 கிலோமீட்டரை 3 மணிநேரத்தில், இருக்கைக்கு 600 ரூபாயில் கடக்கும் ஊர்தியைத் திட்டமிடுவதாக 2025இல் செய்தி வந்தது. அவ்விளைஞர்களின் உழைப்பு பழிக்கத்தக்கதன்று; ஒரு மாதிரியைக் கட்டி நிறுத்துவோர் கட்டாமல் பேசுவோரினும் மேல். ஆனால் அந்த எண்ணைக் கேள்வியின்றி மாணவர்க்கு எடுத்துச்சென்ற ஆசிரியர்களைக் கேட்கத்தான் வேண்டும். நான்கு மீட்டர் உயரத்தில் பறந்து தூண்டு இழுவையைப் பாதியாக்க 40 மீட்டர் சிறகு விரிவு வேண்டும். ஏர்பஸ் ஏ320 விமானத்துக்கே ஏறத்தாழ 36 மீட்டர்தான். சிறிய ஊர்தியானால் அதே பலனுக்கு இன்னும் தாழவேண்டும், தாழ்ந்தால் அலை. மேலும் தூண்டு இழுவை மெதுவாகப் பறப்பவற்றின் முதன்மைச் சுமை. வேகம் கூடக்கூட அது குறைந்து, உடலின் வடிவ இழுவை வேகத்தின் இருமடிப்பெருக்கில் வளரும். மணிக்கு 500 கிலோமீட்டருக்கு மேல் என்றால் பெருஞ்செலவு அந்த இரண்டாவதில்தான். பயணியர் விமானங்கள் 10 கிலோமீட்டர் உயரம் ஏறுவதன் காரணங்களுள் ஒன்று, அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு என்பது. சேமித்ததாகச் சொல்வதை அடர்ந்த காற்று திரும்ப வாங்கிக்கொள்ளும்.

பாதுகாப்புக்கு வருவோம். 3 மணிநேரக் கணக்கின்படி ஊர்தி ஒரு கிலோமீட்டரைக் கடக்க 7 நொடி போதும். சோழமண்டலக் கரையோரம் கட்டுமரமும் கண்ணாடியிழைப் படகும் நீர்மட்டத்திலிருந்து எழும் உயரம் மிகச் சிறிது. அலைப்பள்ளத்தில் இறங்கினால் அதுவும் மறையும். சாதாரண விமானம் சாய்ந்து திரும்பும்; நீரையொட்டிச் செல்லும் ஊர்தி சாய்ந்தால் சிறகுமுனை நீரில் செருகும். ஆகவே அது அகன்ற வட்டத்தில் மெல்லத்தான் திரும்ப முடியும். இல்லையெனில் மேலெழ வேண்டும், எழுந்தால் தரைவிளைவு போயிற்று, எஞ்சினுக்கு மிகுவலு வேண்டும். வடகிழக்குப் பருவக்காற்றில் வங்கக்கடலும் தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடலும் எப்படியிருக்கும் என்பதைக் காசிமேட்டிலும் விழிஞத்திலும் எவரிடமும் கேட்கலாம். காஸ்பியன் மூடிய நீர்நிலை. இவை திறந்த பெருங்கடலின் கரைகள்.

சுற்றுலாவின் வரவு செலவும் மேலோட்டமாகவே பேசப்படுகிறது. மாலைத்தீவில் கடல் விமானங்கள் செழிப்பது உண்மை. ஆயிரத்துக்கு மேற்பட்ட சிறுதீவுகளும், தீவுக்கொரு விடுதியும், செலவிடத் தயங்காத அயல்நாட்டாரும், சாலையே இல்லாத நிலவியலும் அங்கே கூடியிருக்கின்றன. ஆலப்புழைக்கு ரயில் போகிறது. அகமதாபாதின் சபர்மதியிலிருந்து ஒற்றுமைச் சிலைக்கு 2020 அக்டோபர் 31 அன்று பிரதமர் தொடங்கிய கடல் விமானச் சேவை அடுத்த ஆண்டு ஏப்ரலிலேயே நின்றது. ட்வின் ஆட்டரில் அமரக்கூடியவர் அதிகமாயின் 19 பேர். 2017இல் வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே ஓடத்தொடங்கிய ‘ஆதித்யா’ என்னும் சூரியமின் படகு 75 பேரை ஏற்றுகிறது. நாளெல்லாம் திரும்பத் திரும்ப ஏற்றுகிறது. 2023இல் கொச்சி நீர் மெட்ரோ தொடங்கியது. பறக்காத இந்தப் படகுகளைப் பற்றி ஏக்கக் கட்டுரை எழுதுவோர் இல்லை. தம்பானூருக்கு ரயில் வந்த 1931க்கு முன், 1918 முதல், அது சாக்கையில் நின்றது; சாக்கையை ஒட்டிப் பார்வதி புத்தனாறு. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெட்டிய அந்தக் கால்வாய்வழியே வடக்கே கடினங்குளம் காயல்வரை சரக்கும் மக்களும் சென்ற காலம் உண்டு. இன்று அது ஆகாயத்தாமரையும் கழிவுமாக அடைந்து கிடக்கிறது. நீர்வழியை மீட்பது பற்றி மெய்யான அக்கறை இருப்போர்க்கு வேலை அங்கே காத்திருக்கிறது. அந்த வேலையில் படம் எடுத்துப் பகிரும்படியான அழகு இல்லை என்பதுதான் இடர்.

பறக்கும் படகே வேண்டாம் என்பதன்று வாதம். அதற்கு மாற்றில்லாத ஒரு பணி எப்போதும் இருந்துவந்திருக்கிறது: கரைக்கு எட்டாத தொலைவில் நீரில் கிடப்பவரை எடுப்பது. 1945 ஆகஸ்ட் 2 அன்று, மூழ்கிய இண்டியானாபொலிஸ் போர்க்கப்பலின் மாலுமிகள் பசிபிக் கடலில் நான்காம் நாளாக மிதந்துகொண்டிருந்தபோது, அட்ரியன் மார்க்ஸ் தம் கேட்டலினாவைப் பெருங்கடலின் அலையில் இறக்கினார். 56 பேரை ஏற்றினார். உள்ளே இடம் தீர்ந்தபின் சிறகுகளின்மேல் வான்குடைக் கயிற்றால் கட்டினார். விமானம் மீண்டும் எழ முடியாத அளவுக்குச் சிதைந்தது. மீட்புக் கப்பல் வரும்வரை தெப்பமாக நின்றது. ஜப்பானின் யுஎஸ்-2 அந்த மரபில் வந்தது; 3 மீட்டர் அலையிலும் இறங்கவல்லது. 2013 ஜூனில், பாய்மரப் படகு மூழ்கிப் பசிபிக்கில் தத்தளித்த இருவரை ஜப்பானியக் கரையிலிருந்து 1,000 கிலோமீட்டருக்கு அப்பால் இறங்கி எடுத்துவந்தது. அஷ்டமுடியில் சுற்றுலா விமானத்துக்கு விழா எடுத்த அதே மாதம் அது.

2017 நவம்பர் 30 அன்று ஓகிப் புயல் தென்கோடியைக் கடந்தபோது தூத்தூர், வள்ளவிளை, பூந்துறை, விழிஞம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் கடலில் இருந்தார்கள். ஆழ்கடலுக்குச் சென்றவர்கள் பல நாள் பயணத் தொலைவில் இருந்தார்கள். கவிழ்ந்த படகைப் பற்றிக்கொண்டு நாள்கணக்கில் மிதந்து பிழைத்தவர் உண்டு. திரும்பாதவர் மிகப் பலர். தேடல் தாமதம், தொலைவுக்குப் போகவில்லை, எங்கே தேடவேண்டும் என்று சொல்ல எங்களையும் ஏற்றிச்செல்லுங்கள் என்பவை கரையின் முறையீடுகள். டிசம்பர் 7 அன்று கன்னியாகுமரி மாவட்டத்து மீனவர் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் அமர்ந்தன. தம்பானூருக்கு வரும் பாதை அது. அன்று அவர்கள் கேட்டதும் வானூர்திதான்: கடலுக்கு மேலே பறந்து, கண்டால் இறங்கி, கிடப்பவனைத் தூக்கக்கூடிய ஒன்று.

யுஎஸ்-2 விமானங்களை இந்தியக் கடற்படைக்கு வாங்குவது பற்றி இந்தியாவும் ஜப்பானும் 2013 முதல் கூட்டறிக்கைகளில் பேசின. பன்னிரண்டு, பதினைந்து என்று எண்ணிக்கைகள் அடிபட்டன, விலை, தொழில்நுட்பக் கைமாற்றம் என்று பேச்சு நீண்டது, விமானம் வந்துசேரவில்லை. ஓகியின் கடலில் அது இறங்கியிருக்குமா, எத்தனை பேரை எடுத்திருக்கும் என்பவை பொறியியலும் வானிலையும் சேர்ந்து விடையிறுக்கவேண்டிய கேள்விகள்; ஆய்வேடு எழுதத் தகுந்தவை. புன்னமடையில் பத்தொன்பது பேரை இறக்குவது பற்றிய கருத்தரங்குக்கு இடமளிக்கும் துறைகள், தூத்தூரிலிருந்து 500 கிலோமீட்டர் மேற்கே கவிழ்ந்த ஒரு படகுக்கு எத்தனை மணிநேரத்தில் எது போய்ச் சேரும் என்ற கேள்வியை முதலில் எடுத்துக்கொள்ளட்டும். அதற்கு வேண்டிய அலைத்தரவும் புயல்தடமும் பொதுவில் உள்ளன. எந்த மாதம் எந்தத் திசையில் எவ்வளவு தொலைவு போவோம் என்று சொல்லக்கூடியவர்கள் தம்பானூரிலிருந்து ஒன்றிரண்டு மணிநேரப் பேருந்துப் பயணத்தில் இருக்கிறார்கள்.